கேஷுக்கு வரம்பு

ஒரு வரி. ஒரே ஒரு வரிதான் நான் எழுதியிருக்க வேண்டியது. நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று வாரம் தள்ளிப்போட்ட இந்தக் கையை எதால் அடிப்பது?

தக்கலையில் எங்களுக்கு வீடியோ கடை. கல்யாணம், அடக்கம், வீடு பிரதிஷ்டை எல்லாவற்றையும் வெளிநாட்டில் இருக்கிறவர்கள் பார்க்க நேரடியாக அனுப்புவோம். கேமரா என் வீட்டுக்காரர் ராஜகுமார்; கடையில் இருக்கும் சர்வர் கம்ப்யூட்டர் என் பாடு. பழைய மெஷின், பதினாறு ஜிபி மெமரி. பழைய நிகழ்ச்சிகளும் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்க அதில்தான் கிடக்கும். யாராவது ஒரு ஃபைலைத் திறந்தால், மறுபடியும் கேட்பார்கள் என்று மெஷினை உள்ளிருந்து நடத்தும் மென்பொருளான கெர்னல் அதை மெமரியிலேயே வைத்துக்கொள்ளும். அதற்குப் பெயர் கேஷ். இவ்வளவுதான் என்று வரம்பு எழுதாவிட்டால் மெமரி முழுவதையும் விழுங்கிவிடும். எனக்குத் தெரியாததா? நன்றாகத் தெரியும். அதுதானே எரிச்சல்.

வியாழக்கிழமை திருவட்டாறு பக்கம் சத்தியபாய் டீச்சரின் அடக்கம். ஒரே மகன் பெனிஷுக்கு வளைகுடாக் கடலில், எண்ணெய்க் கிணற்று மேடையில் வேலை. மாற்று ஆள் வராமல் இறங்க முடியாது என்றுவிட்டார்கள். அங்கே வீடியோ காலும் கிடையாது. அவன் கெஞ்சியதில் எங்கள் இணையப் பக்கத்தை மட்டும் திறந்துவிட்டிருந்தார்கள்.

"எக்கா, வேற ஒண்ணும் வேண்டாம். பெட்டிய அடைக்கதுக்கு முன்ன அம்மைக்க மொகத்த ஒருக்கா பாத்தா போரும்" என்று காலையில் போனில் சொன்னான்.

"நான் இருக்கம்லா மக்கா" என்றேன். பெரிய இவள் நான்!

பதினொன்றேகாலுக்கு, கல்லறைத் தோட்டத்தில் ஜெபம் முடிகிற நேரத்தில் படம் நின்றது. மெமரி இல்லை என்று ஒளிபரப்பு புரோகிராமைக் கெர்னல் கொன்றுவிட்டிருந்தது. மறுபடி ஓடவிட்டேன். அரை நிமிடத்தில் மறுபடி கொன்றது. கேஷ் மட்டும் பதின்மூன்று ஜிபி. அடப் பாவி! வரம்பு இரண்டு ஜிபி என்று அப்போதுதான் எழுதினேன். எழுதியதை ஏற்றுக்கொண்டது, பிடித்ததை விடவில்லை. இனிமேல் தின்னாதாம், தின்றதைக் கக்கவும் செய்யாதாம்.

ராஜகுமார் போன் செய்தார். "ஏட்டி, படம் போவுதா? அடைக்கப் போறாவ."

"போவல்ல. போதகர்ட்ட அஞ்சு நிமிசம் கேளுங்க. கால்ல விழுந்தாவது கேளுங்க!"

போதகர் நல்ல மனிதர். கூடுதலாக ஒரு பாட்டு பாடச் சொன்னார். வேறு வழியில்லாமல் மெஷினையே அணைத்துப் போட்டேன். அதுவோ ஏறும்போது டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்து இன்னொரு பாட்டு எடுத்தார்கள். மழை பிடித்துக்கொண்டது. குழியில் தண்ணீர் ஊறுகிறது என்று வெட்டினவர்கள் சத்தம் போடுவது போனில் கேட்டது.

"இனி நிக்கமாட்டாவ, ரெஜிலா."

ஆணி அடிக்கும் சத்தமும் கேட்டது. திரையில் நாற்பத்தொரு சதவீதம். மெஷினைக் கையால் அறைந்தேன். கை வலித்தது, அவ்வளவுதான்.

படம் வந்தபோது குடைகளும் செம்மண்ணும் தெரிந்தன.

பெனிஷ் கூப்பிட்டான். "எக்கா, மொகம் காட்டுனாவளா? எனக்க நெட்டு போச்சோ?"

"ஒனக்க நெட்டு இல்ல மக்கா. மெஷின் நின்னு போச்சு. கேமராவுல மொகம் உண்டு, இப்பமே அனுப்புதேன்."

"அத எப்ப வேணும்னாலும் பாக்கலாம்லா. அடைக்கும்போ நானும் பாத்துட்டு நிக்கணும்ணு நெனச்சேன்" என்றான்.

எந்த ஃபைல்கள் கேஷை நிறைத்தன என்று மத்தியானம் லாகை, யார் எதைத் திறந்தார்கள் என்று மெஷின் எழுதிவைக்கும் பதிவை, பார்த்தேன். எல்லாம் ஒரே நிகழ்ச்சி: போன வருடம் நாங்கள் எடுத்த பெனிஷின் கல்யாணம். திறந்தவனும் ஒருவன்தான். கடலுக்குள்ளிருந்து, விடியற்காலை ஐந்து மணி முதல் அடக்கம் தொடங்கும் வரை பார்த்திருக்கிறான். டீச்சர் வருகிற இடத்தையெல்லாம் திரும்பத் திரும்ப ஓட்டியிருக்கிறான்.

சாயங்காலம் மறுபடி கூப்பிட்டான். "எக்கா, எதுனால நின்னுதுண்ணு கண்டுபிடிச்சியளா?"

லாகை அழித்தேன்.

"எனக்க தப்புதான் மக்கா. வேற ஒரு காரணமும் இல்ல."