கொத்தமல்லி வாங்காத வீடு

சனிக்கிழமை காலை அடுப்படிக்குள் நுழைந்ததும் கொத்தமல்லி வாடை அடித்தது. அவள் காய்கறிக் கூடையைப் பார்த்தாள். வெங்காயமும் உருளைக்கிழங்கும்தான் கிடந்தன. அந்த வாரம் மார்க்கெட்டுக்குப் போனவளே அவள்தான், கொத்தமல்லி வாங்கவில்லை.

வேறு ஒருத்தியாக இருந்தால் அத்தோடு விட்டிருப்பாள். அவளோ துறைமுகத்தில் பூச்சிச் சோதனை அதிகாரி. வெளிநாட்டிலிருந்து வரும் கன்டெய்னர்களைத் திறந்து, டார்ச் அடித்து, இண்டு இடுக்கு விடாமல் துழாவுவது அவள் பிழைப்பு. எங்கோ குளிர்காலம் தொடங்கினால் இங்கே அவளுக்குச் சீசன். குளிருக்குப் பயந்த பழுப்பு நாற்றப்பூச்சிகள் மரச்சாமான், இயந்திரம், அட்டைப்பெட்டி என்று கண்ட இடத்தில் கும்பலாகப் புகுந்து உறங்கிவிடும். கப்பலேறி வந்து, இங்கத்து வெயில் பட்டதும் விழித்துக்கொள்ளும். பழத்தோட்டம் அகப்பட்டால் தொலைந்தது. அது உறிஞ்சிய பழம் உள்ளே கட்டிதட்டி ஒன்றுக்கும் உதவாது. அதனால்தான் அந்த மாதங்களில் வரும் சரக்கைச் சூட்டிலோ நச்சுப்புகையிலோ வைத்து எடுத்த பிறகே ஊருக்குள் விடுவார்கள். அந்தப் பூச்சியை நசுக்கினால் கொத்தமல்லி மாதிரி நாறும்.

மேஜையில் அவள் தம்பி டீ குடித்துக்கொண்டிருந்தான். குளிர்நாட்டில் பல வருஷம் இருந்துவிட்டுப் போன வாரம்தான் ஊர் திரும்பியவன். அவன் வீட்டுச் சாமான் வந்த கன்டெய்னர் சூட்டுக் கொட்டகை வரிசையில் நின்றது. அது வரும்வரை அக்கா வீட்டில் ஜாகை.

"என்னக்கா, என் சோபா வெந்துடுச்சா? உப்பு காரம் பாத்தியா?"

"உன் சோபாவை நான் தொடக்கூடாதுடா. சொந்தக்காரங்க சரக்கை வேற ஆள்தான் பாப்பாங்க."

"அப்புறம் எதுக்கு எனக்கு ஒரு ஆபீஸர் அக்கா?"

அவள் சிரிக்கவில்லை. "இங்க எதையாவது நசுக்கினியா?"

"கடிகாரத்துக்கிட்ட ஒரு வண்டு உக்காந்திருந்துச்சு. செருப்பால ஒரு போடு போட்டேன். நாத்தம் பிடிச்ச வண்டு."

சுவரில் மாட்டியிருந்த மரக்கடிகாரம் அவன் தந்த பரிசு. வந்த மறுநாள் கடைத்தெருவில் வாங்கியதாகச் சொல்லியிருந்தான்.

"இதை எந்தக் கடைல வாங்கினே?"

அவன் டீயை ஊதினான். இரண்டாம் தடவை கேட்டதும்தான் வாய் திறந்தான். "அங்க ஒரு பழைய சாமான் கடைல. சொன்னா நீ இதையும் அவிக்கணும்பே. அதான் கம்பளில சுத்தி என் பெட்டில வச்சேன்."

"ஏர்போர்ட்ல மரச்சாமான் இருக்கான்னு கேட்டாங்களே."

"துணிதான்னு சொன்னேன். ஒரு கடிகாரத்துக்குப் போய் இவ்வளவா?"

ராத்திரியிலிருந்து திறந்து கிடந்த சன்னலை அவள் முதலில் சாத்தினாள். சன்னலுக்கு வெளியே பத்தடியில் கணவனின் பேரிக்காய்த் தோட்டம். பிறகு கடிகாரத்தை அசைக்காமல் கழற்றி ஒரு பெரிய பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, கத்தி முனையால் பின்பலகையை மெல்ல நெம்பினாள்.

உள்ளே மீன் செதில் அடுக்கிய மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகப் பழுப்புப் பூச்சிகள். ஓரத்தில் இருந்தவற்றின் மீசைகள் ஆடின. துறைமுகத்தில் எத்தனையோ கும்பல் பார்த்தவள்தான். அவளைத் தூக்கிவாரிப் போட்டது பூச்சி அல்ல. பலகையில் பாதி இடம் காலியாக இருந்தது. அவை ஒட்டியிருந்த இடத்தில் எச்சத்தின் கறை மட்டும் இருந்தது.

தம்பியின் கையிலிருந்த டம்ளர் அந்தரத்திலேயே நின்றது. "செத்ததுதானேக்கா?"

வெளியே லாரி உறுமியது. இந்த வருஷத்து முதல் பறிப்பு. பேரிப்பெட்டிகளை ராத்திரி முழுக்க அந்தச் சன்னலுக்குக் கீழேதான் அடுக்கி வைத்திருந்தார்கள். கடிகாரத்தைப் பையோடு முடிச்சுப் போட்டுவிட்டு அவள் வெறுங்காலோடு ஓடினாள். லாரி வாசல் திரும்பும் இடத்தில் குறுக்கே போய் நின்றாள்.

கணவன் தலையை நீட்டினான். "ஏம்மா, காலங்காத்தால என் வண்டிதான் கிடைச்சுதா உனக்கு?"

"நிறுத்துங்க. எதையும் கீழ இறக்காதீங்க."

"மார்க்கெட்ல ஆள் காத்திருக்கான். விளையாடாதே."

"நான் சோதிக்கிற பூச்சி, நம்ம வீட்டுல இருக்குங்க."

அவன் நம்பவில்லை. இறங்கிப் பின்னால் போய், கைக்கு எட்டிய பெட்டியின் மேல்தாளை விலக்கினான். மஞ்சள் காயின் காம்போரம், கேடயம் மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் நிழல் பட்டதும் நகர்ந்து மறுபக்கம் போனது. அவன் தாளைத் திரும்ப மூடினான். மூடிய கையை எடுக்கவே இல்லை.

பின்னாலேயே வந்த தம்பி முகத்தில் ஈயாடவில்லை. "மாமா, மருந்தை வாங்கி நாமளே அடிச்சிடலாம். வெளிய தெரிய வேண்டாம். அக்கா, சொல்லேன்."

கணவன் அவனைப் பார்க்காமல் அவளைக் கேட்டான். "சொன்னா தோட்டத்தைப் பூட்டிடுவாங்கல்ல?"

"பூட்டுவாங்க."

"மரத்தை வெட்டுவாங்களா?"

"தெரியலங்க."

மற்றவர்களின் சரக்குக்கு எத்தனையோ தடவை பட்டுப்பட்டென்று பதில் சொன்ன வாய் அது. கணவன் நடந்து போய் லாரியின் எஞ்சினை அணைத்தான்.

போனை எடுத்தாள். துறைமுக அலுவலகத்தில் அன்றைய டியூட்டி அதிகாரி எடுத்தார்.

"என்ன மேடம், லீவு நாள்ல கூட பயிற்சி வச்சு எங்களை சோதிக்கிறீங்களா?"

"பயிற்சி இல்ல. உயிரோட இருக்கு. பழத்துலயும் ஏறியிருக்கு. எழுதிக்குங்க." தெரு பெயரையும் கதவு எண்ணையும் சொன்னாள்.

எழுதும் சத்தம் பாதியில் நின்றது. "மேடம், இது உங்க வீடு."

"ஆமா."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அடுத்த கேள்வி... கேட்டுத்தான் ஆகணும். கொண்டுவந்தது யாரு?"

தம்பி லாரிச் சக்கரத்தில் சாய்ந்து, சின்ன வயதில் அடி வாங்குவதற்கு முன் நிற்பானே, அப்படி நின்றான். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினான். அவள் அவனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"என் தம்பி. கூடப் பிறந்தவன்."