காற்று மானேஜர்

ஆனி மாதத்தில் கடல் யாரையும் இறங்க விடாது. கட்டுமரங்களைத் தென்னந்தோப்பு வரைக்கும் ஏற்றிப் போட்டுவிட்டு, ஆண்கள் பகல் முழுக்கப் பேபியின் சாயாக்கடையில் கிடந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து வந்தவர்களுக்குப் பேச ஒரே விஷயம்தான் இருந்தது. அந்தோணியார் கிளப்புக்கு அடுத்த மானேஜர் யார்?

மூன்று வருஷமாக மானேஜராக இருந்த சத்தியநேசன் வாத்தியாருக்குத் திருவனந்தபுரம் பக்கம் மாற்றல் வந்துவிட்டது. ஆடி அமாவாசைக்குக் குழித்துறையில் வாவுபலித் திருவிழா. அதையொட்டி ஆற்றங்கரை மைதானத்தில் பந்துகளி, கால்பந்துப் போட்டி, நடக்கும். பெயர் கொடுக்கும் தாளில் மானேஜர் கையெழுத்து இல்லாவிட்டால் வாங்க மாட்டார்கள். தாள் மறுநாள் போயாக வேண்டும்.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் இருந்தது. நான்தான் மானேஜர் என்று எவனும் தானாக எழும்பக் கூடாது. ஊர் பேசி ஒரு பெயரைச் சொல்லும். கேப்டன் அந்த ஆளுடைய வீட்டுக்கு நடந்து போய், வாசலில் நின்று, "கிளப்புக்கு வாருங்கோ" என்று கூப்பிட வேண்டும். அப்படிக் கூப்பிடாமல் வந்தவன் பேச்சை டீம் கேட்காது.

கேப்டன் ஜான்ரோஸ் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, ஆறிப்போன சாயாவைக் கையில் வைத்துக்கொண்டிருந்தான். முப்பது வயது. சென்டரில் களிக்கிறவன். பேச்சில் இன்னும் கலந்துகொள்ளவில்லை.

"ஞானதாசன்தான் சரியான ஆளு," என்றார் பேபி. "கொழும்பு துறைமுகத்துல எட்டு வருஷம் இருந்தவன். வெள்ளைக்காரன் களியைக் கண்ணால கண்டவன். பூட்ஸ் வச்சிருக்கான்."

"பூட்ஸா வந்து களிக்கும்?" என்றான் கோல் காக்கிற கோலி ரசலையன். "அவன் வந்தா எல்லாரையும் பூட்ஸ் போடச் சொல்லுவான். நம்ம பயலுவ செருப்புப் போட்டாலே நொண்டுவானுவ."

"உனக்கென்னலே, நீ கையால களிக்கிறவன்."

"அதனாலதான் சொல்லுதேன். முன்னால பதினோரு பேரும் நொண்டினா பந்து முழுக்க எனக்காக்கும்."

"உன்னையும் சேத்துதாம்லே பதினொண்ணு," என்றது பந்தல் காலில் சாய்ந்து நின்ற நேசம்மாள். கடை சிரித்தது.

நேசம்மாள் ஜான்ரோஸின் அக்கா. மீனும் கருவாடும் சுமந்து உள்நாட்டுச் சந்தைகளுக்குப் போகிறவள். எந்த ஊரில் களி நடந்தாலும் மீன் கூடையான கடவத்தோடு போய்க் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பாள். எந்தப் பயலுக்கு எந்த முட்டு வலிக்கும் என்பது அவன் தாய்க்கு முன்னால் இவளுக்குத் தெரியும். அதனால் அந்தக் கடையில் அவள் பேச்சை யாரும் தட்டுவதில்லை.

"ஞானதாசன் கொழும்புல மூட்டை தூக்கினான்," என்றாள். "களி பாத்ததெல்லாம் கப்பலு மேல நின்னு. அங்கேருந்து பாத்தா பந்தும் தெரியாது, ஆளும் தெரியாது."

"அப்ப நீயே ஒரு ஆளைச் சொல்லுட்டி."

"சுசீந்திரத்துல முத்துநாயகம் இருக்காரே, பஸ்ஸுல டிக்கெட்டு குடுக்கிறவரு," என்று யாரோ நடுவில் நுழைந்தார்கள். "ஒரு களி விடமாட்டாரு. ஒவ்வொரு கோலும் எத்தனையாவது நிமிஷம்னு சொல்லுவாரு."

"எனக்க கடவத்தையே அந்த ஆளு பஸ்ஸுல ஏத்த மாட்டேங்கான்," என்றாள் நேசம்மாள். "மீன் வாடையாம். இந்தப் பதினோரு பேரையுமா ஏத்துவான்?"

இப்படியே ஒரு மணி நேரம் போனது. ஒவ்வொரு பெயரும் எழும்பி, நாலு அடி வாங்கி, விழுந்தது. கடைசியில் பேபி சட்டுவத்தைப் பாத்திரத்தில் தட்டினார்.

"ஒண்ணு ஓர்மையிருக்கட்டு. ஆரு வந்தாலும் அந்தக் காத்து மானேஜரை விட மோசமாப் போவாது."

எல்லோரும் சிரித்தார்கள். ஜான்ரோஸ் சாயாவைக் கீழே வைத்தான்.

காற்று மானேஜர் என்றால் சிலுவைதாசன். சத்தியநேசனுக்கு முன்னால் ஏழு வருஷம் மானேஜராக இருந்தவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஓணக் கோப்பையின் கடைசிக் களி பூதப்பாண்டியில் நடந்தது. ஜான்ரோஸ் டாஸ் ஜெயித்து, காற்று சாதகமாக இருந்த பக்கத்தை முதலில் எடுத்தான். சாதகம் இருந்தும் ஒரு கோல்தான் போட முடிந்தது. அந்தி ஆக ஆக மலைக் கணவாய்க் காற்று கூடிக்கொண்டே போனது. இடைவேளைக்குப் பிறகு ரசலையன் உதைத்த பந்து நடு மைதானத்தைத் தாண்டாமல் திரும்பி வந்தது. மூன்றுக்கு ஒன்று என்று தோற்றார்கள். திரும்பி வரும் வழியில், எந்த மடையன் அந்தப் பக்கத்தை எடுக்கச் சொன்னான் என்று ஒருத்தன் கேட்டான். "நான்தான் சொன்னேன்," என்றார் சிலுவைதாசன்.

அதோடு அவர் மானேஜர் வேலை முடிந்தது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. பிள்ளைகள் அவரைக் கண்டால் கன்னத்தை ஊதிக் காட்டினார்கள். அவர் மைதானத்துப் பக்கம் வருவதை விட்டார். முதல் பூசைக்கு வந்து, கடைசி ஆசீர்வாதத்துக்கு முன்பே எழுந்து போய்விடுவார்.

"அதுதான் எனக்கு இன்னிக்கும் பிடிபடல்ல," என்றாள் நேசம்மாள். அவள் சிரிக்கவில்லை. "நம்ம கரையில அந்திக்குக் காத்து விழும். பூதப்பாண்டியில அந்திக்குத்தான் கூடும். கருவாடு விக்கப் போற எனக்குத் தெரியும். களிக்கு ரெண்டு நாள் முன்னால சிலுவைதாசன் அண்ணன் எங்கிட்ட வந்து இதைத்தான் கேட்டாரு. நானும் சொன்னேன். கேட்டுத் தெரிஞ்சிக்கிட்டுப் போன மனுசன் அப்படி எதுக்குச் சொன்னாரு?"

அவள் யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. ஆனாலும் ஜான்ரோஸ் பெஞ்சில் இன்னும் ஓரத்துக்கு நகர்ந்தான்.

"மூளை பிசகிப்போச்சு, வேற என்ன," என்றார் பேபி. "சரி, நேரம் போகுது. ஞானதாசன்னு வச்சிக்கிடுவோம். கை தூக்குங்கோ."

கைகள் எழும்பின. ரசலையன்கூடப் பாதிக் கை தூக்கினான்.

"ஜானு, எழும்பு. போய்க் கூப்பிடு."

ஜான்ரோஸ் எழும்பினான். வெளியே போகவில்லை. மூன்று வருஷமாகத் தொண்டையில் நின்ற சொல் அது. முன்பு பலமுறை வந்து வந்து திரும்பிப் போயிருக்கிறது. சொன்னால் என்ன போகும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். கேப்டன் பட்டம் போகும். கரையில் நடக்கும்போது தானாக வழி விடுகிறார்களே, அது போகும். சொல்லாமல் இருந்ததற்கு வேறு நல்ல காரணம் எதுவும் அவனிடம் இல்லை.

"சிலுவைதாசன் அண்ணன் அப்படிச் சொல்லல்ல," என்றான்.

"எப்படிச் சொல்லல்ல?" என்றார் பேபி.

"டாஸ் கெடச்சா எதிர்க்காத்துல மொதல்ல களிக்கணும், அந்திக்குக் கூடும், அப்ப நமக்குச் சாதகமா இருக்கும்னு எங்கிட்ட ரெண்டு தடவை சொன்னாரு. நான் கேக்கல்ல. பதினாறு வயசுலேருந்து கடல்ல கெடக்கேன், காத்தைப் பத்தி எனக்கு வலைகட்டுற மனுசன் சொல்லணுமான்னு நெனச்சேன். அந்திக்கு விழும்னு நானா எடுத்த பக்கம் அது."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. பேபி கவனிக்கவில்லை.

"வழியில அவரு சொன்னாரே, நான்தான்னு," என்றான் ரசலையன்.

"சொன்னாரு. நான் வாயைத் தொறக்கல்ல."

"லேய்." ரசலையன் பெஞ்சை விட்டு இறங்கினான். அடிக்கத்தான் வருகிறான் என்று நினைத்து ஜான்ரோஸ் கையைத் தொங்கவிட்டு நின்றான். ரசலையன் அடிக்கவில்லை. "போன கிறிஸ்மஸுக்கு அவரு எதுக்க வந்தாரு. நான் அந்தப் பக்கமா திரும்பி மண்ணைப் பாத்துக்கிட்டுப் போனேன். அவரு ஸ்தோத்திரம் சொன்னாரு. நான் திருப்பிச் சொல்லல்ல. மூணு வருஷமாச் சொல்லல்ல."

ஊதிக் காட்டிய பிள்ளைகளின் தகப்பன்மார் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். ஞானதாசனுக்குத் தூக்கிய கைகள் எப்போதோ கீழே இறங்கியிருந்தன.

நேசம்மாள் பக்கத்தில் வந்தாள். தம்பியைத் திட்டவில்லை. அவன் தலையில் ஒட்டியிருந்த ஓலைத் துண்டை எடுத்துப் போட்டாள்.

"வீடு தெரியுமில்லா? போய்க் கூப்பிடு."

சிலுவைதாசனின் வீடு கரையின் தெற்குக் கடைசியில் இருந்தது. அவர் முற்றத்து நிழலில் உட்கார்ந்து, கரமடி வலையின் கிழிசலைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். நரை கூடியிருந்தது. வாசலில் நின்றவனை முதலில் கண்டது அவர் மனைவி செசிலி. "ஜானா?" என்றாள். உடனே உள்ளே போய்விட்டாள்.

"கிளப்புக்கு வாருங்கோ அண்ணே," என்றான் ஜான்ரோஸ்.

"ஊருக்கு வேற ஆளு கெடைக்கல்லியா?" அவர் தலை நிமிரவில்லை.

"நான் சொல்லிட்டேன். எல்லாரு முன்னாலயும்."

கை நின்றது. இப்போது நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் சந்தோஷம் இருக்கும் என்று ஜான்ரோஸ் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தான். இருந்தது கோபம்.

"எதுக்குச் சொன்ன? ஆரு கேட்டா உங்கிட்ட?"

"ஆரும் கேக்கல்ல."

"அன்னைக்கு வழியில நீ தல குனிஞ்சு இருந்தத நான் கண்டேன். சொன்னதைக் கேக்காத கேப்டன்னு தெரிஞ்சா மத்தப் பத்து பேரும் உனக்குப் பந்து தருவானுவளா? டீமு ரெண்டாப் போவும். மானேஜர் போனா இன்னொருத்தனைக் கூப்பிடலாம். அதனால நான் ஏத்துக்கிட்டேன். அது அன்னைக்கே தீந்த காரியம்."

"தீரல்லியே அண்ணே. உங்களை ஊரே..."

"ஊரு பேசினா பேசட்டு. பிள்ளையளு ஊதினா ஊதட்டு. அதுக வாயி வலிக்கும்போது நிறுத்தும்." வலையை மடியிலிருந்து தள்ளி வைத்தார். பிறகு சொன்னபோது குரல் இறங்கியிருந்தது. "நீ வரல்லியே மக்கா. தினம் ராத்திரி இங்க கஞ்சி குடிச்சவன். அந்த ஓணத்துக்குப் பெறகு இந்த வாசலை நீ மிதிக்கல்ல. உனக்க கல்யாணத்துக்குச் சொல்ல வேற ஆளு வந்தான். நான் போகவும் இல்ல. மத்ததெல்லாம் நான் எதிர்பாத்ததுதான். இது எதிர்பாக்கல்ல."

ஜான்ரோஸ் வேலிக் காலைப் பிடித்துக்கொண்டான். "உங்க மொகத்தைப் பாக்க முடியல்ல அண்ணே."

"எனக்க மொகத்துல என்னலே இருக்கு? ஒரு மூக்குதான்."

ஜான்ரோஸ் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியில் வேறொன்றாகிவிட்டது. சிலுவைதாசன் அவன் முகத்தைத் துடைக்கட்டும் என்று வேறு பக்கம் பார்த்து, வலையை மறுபடி மடிக்கு இழுத்து, அதில் இல்லாத கிழிசலைத் தேடினார்.

செசிலி அவித்த மரச்சீனிக் கிழங்கும் சாளைமீன் கறியுமாக இரண்டு தட்டு கொண்டுவந்து வைத்தாள். "கையைக் கழுவு," என்றாள், நேற்றும் வந்துபோன ஆளிடம் சொல்வதுபோல.

சாப்பாட்டுக்கு நடுவில் சிலுவைதாசன் கேட்டார். "குழித்துறையில லெப்டுல ஆரைப் போடுதிய?"

ஜான்ரோஸ் பெயரைச் சொன்னான்.

"அவனுக்கு ஈர மண்ணுல காலு நிக்காது. ஆத்தங்கரை மைதானம் ஆடியில சேறா கெடக்கும். நீ லெப்டுக்குப் போ. சென்டர்ல வேற ஆளைப் பாப்போம்." ஒரு கிழங்கை உடைத்து வாயில் போட்டு மென்றார். "கேப்டன் இனிமே ரசலையன்."

"சரி அண்ணே."

"கோவமா?"

"இல்ல."

அது முழுக்க உண்மை இல்லை. கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. வலிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு இன்னொரு துண்டு மீனை எடுத்தான். அந்தக் கறியின் புளிப்பு அவன் நாக்குக்கு மறந்திருக்கவில்லை.

வேலிக்கு வெளியே ஆள் அரவம் கேட்டது. ரசலையன் நின்றுகொண்டிருந்தான். பின்னால் நேசம்மாள், பேபி, இன்னும் ஆறேழு பேர். ஒருவருக்கும் உள்ளே வரத் தைரியம் இல்லை. ரசலையன் வாயைத் திறந்து ஸ்தோத்திரம் சொன்னான். சத்தம் சரியாக வரவில்லை. மறுபடியும் சொன்னான்.

"ஸ்தோத்திரம்," என்றார் சிலுவைதாசன். "வெயிலில எதுக்கு நிக்குதிய? உள்ள வாருங்கோ." பிறகு வீட்டுக்குள் திரும்பி, "ஏட்டி செசிலி, கிழங்கு எல்லாருக்கும் காணுமா?" என்று கேட்டார்.

"காணாது," என்றாள் செசிலி. அவள் ஏற்கெனவே இன்னொரு பானையை அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.