பதினோரு நாள் நிற்காமல்

பதினோரு நாள். அவ்வளவுதான் நான் கேட்டது. கிள்ளான் ஆற்றில் கடல் ஏற்றமும் மழையும் ஒன்றாக வந்தால் வெள்ளம் எதுவரை ஏறும் என்று கணக்குப் போடும் புரோகிராம், என் வீட்டு சர்வரில் பதினோரு நாள் நிற்காமல் ஓட வேண்டும். நின்றால் முதலிலிருந்துதான். விட்ட இடத்தைப் பிடிக்கத் தெரியாத புரோகிராம் அது. எழுதியவன் நான்தான், வேறு யாரைத் திட்டுவது?

டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பல்கலைக்கழகம் என் பெயரை நீக்கிவிடும். இரண்டு முறை அவகாசம் கேட்டு வாங்கியாகிவிட்டது. முப்பத்தேழு வயது, பகலில் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை, ஏழு வருஷப் படிப்பு. ராதாகிருஷ்ணன் என்ற என் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுப் பார்க்க அம்மாவுக்கு ஆசை. எனக்கு அதைவிட ஆசை.

பணநெருக்கடியில் நாடு தள்ளாடிய அந்த 1998இல் ஷா ஆலமில் கம்பெனிகள் வரிசையாக மூடிக்கொண்டிருந்தன. ஒரு கம்பெனி கழித்துப்போட்ட சர்வரும் யுபிஎஸ்ஸும் எனக்குக் கிடைத்தன. கரண்ட் போனால் யுபிஎஸ் பேட்டரியில் தாங்கும். பேட்டரி தீரப்போகிறது என்றால் நெட்வொர்க் கேபிள் வழியாக சர்வருக்குச் சொல்லும். இரண்டு நிமிடம் யுபிஎஸ்ஸிடமிருந்து பேச்சு வராவிட்டால் ஆபத்து என்று எடுத்துக்கொண்டு சர்வர் தன்னைத்தானே மூடிக்கொள்ள வேண்டும். அந்த விதியை வைத்ததும் நான்தான். ரொம்ப புத்திசாலி.

இரண்டையும் இணைக்கும் ஹப் என்ற சின்னப் பெட்டியின் பிளக் யுபிஎஸ்ஸில் பொருந்தவில்லை. என் அறையில் வேறு பிளக் பாயிண்டும் இல்லை. சுவரில் ஓட்டை போட்டு, கேபிளை ஹாலுக்கு இழுத்து, ஹப்பைச் சாமி மேடைக்குப் பின்னால் வைத்தேன். சாமிக்கு முன்னால் இரவு பகலாக எரியும் சிவப்பு பல்பின் எக்ஸ்டென்ஷனில் ஓர் இடம் காலியாக இருந்தது; அதில் மாட்டினேன்.

"சாமி பக்கத்துல வச்சிருக்கே, நல்லா ஓடும் தம்பி," என்றாள் அம்மா.

ஓடவில்லை. அக்டோபர் கடைசியில் ஒருநாள் வேலை முடிந்து வந்தால் சர்வர் அணைந்து கிடந்தது. பதிவில் பிற்பகல் 2.20, யுபிஎஸ் பதில் சொல்லவில்லை என்று இருந்தது. கரண்ட் போகவில்லை. ஹாலில் ஹப்பின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மறுபடி ஓட்டினேன். ஆறாம் நாள் நின்றது. அப்புறம் ஒன்பதாம் நாள். ஒரு நோட்டில் தேதி, நேரம், காரணம் என்று மூன்று கோடு போட்டு எழுத ஆரம்பித்தேன். காரணத்துக்குக் கீழே பேட்டரி என்று எழுதி, புதுப் பேட்டரி மாற்றி, அப்புறமும் நின்றதும் அடித்தேன். கேபிள் என்று எழுதி, மாற்றி, அடித்தேன்.

யுபிஎஸ்ஸை பிரிக்ஃபீல்ட்ஸில் கந்தையாவின் கம்ப்யூட்டர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். இரண்டு நாள் வைத்துப் பார்த்தார். "பாஸ், இது நல்லாத்தான் இருக்கு லா. நீங்க வீட்டைப் பாருங்க," என்றார்.

வீட்டைப் பார்த்தேன். வீட்டில் இருந்தது அம்மா மட்டும்தான்.

"நான் இல்லாதப்ப என் ரூமுல எதையாச்சும் தொட்டியாமா?"

"உன் மிஷின் பக்கமே போகலப்பா."

அவள் பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். இல்லாவிட்டால் அவள் போடும் மிக்ஸிதான் கரண்டைக் கெடுக்கிறது. மிக்ஸியை நிறுத்தச் சொன்னேன். அதற்குப் பிறகும் நின்றது. இஸ்திரிப் பெட்டியை நிறுத்தச் சொன்னேன். அன்றைக்குச் சாப்பிடும்போது அம்மா, "மத்தியானம் நம்ம ரோட்டுல ஒரு பொணம் போச்சு தம்பி. சின்ன வயசு போல. அந்தப் பொண்டாட்டி அழுகை..." என்று ஆரம்பித்தாள்.

"சோறு திங்கறப்ப இதை ஏன்மா பேசறே?" என்றேன். எங்கள் ரோடு முடிகிற இடத்தில் சுடுகாடு. யாராவது போய்க்கொண்டுதான் இருப்பார்கள்.

ஏழாவது முறை நின்ற அன்று, வாஷிங் மிஷின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டு அம்மாவிடம் கத்தினேன். "பதினோரு நாள் இதைத் தொடாம இருக்க முடியாதா? என் வாழ்க்கையே அதுல ஓடுது." அறுபத்தெட்டு வயது, நெஞ்சுக்கு மாத்திரை சாப்பிடுகிறவள். "சரிப்பா," என்றாள்.

அதற்கப்புறம் நிற்கவில்லை. மூன்று நாள், ஐந்து நாள், எட்டு நாள். கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. நோட்டில் காரணம் என்ற இடத்தில் வாஷிங் மிஷின் என்று பெரிதாக எழுதினேன். முதல் நாளிலிருந்தே வேலைக்கு லீவு போட்டு வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். காலையில் குளியலறையில் அம்மா துணி கும்மும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அப்படித்தான் இருந்தது.

பத்தாம் நாள் காலை அந்தச் சத்தம் பாதியில் நின்றது. போய்ப் பார்த்தபோது என் சட்டையைக் கையில் பிடித்தபடி அம்மா சுவரோடு சாய்ந்து கிடந்தாள். டாக்டர் வந்து, உயிர் போய்விட்டது என்றார். துணி துவைத்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, எப்போது வேண்டுமானாலும் வந்திருக்கும் என்றார். நல்ல மனுஷன். நான் நம்பவில்லை.

அம்மாவை ஹாலில் கிடத்தினோம். பக்கத்து வீட்டு வீரம்மா அக்கா ஓடி வந்தார். அம்மாவின் காலைத் தொட்டு அழுதார். பிறகு எழுந்து நேராகச் சாமி மேடைக்குப் போய், எக்ஸ்டென்ஷன் சுவிட்சை அணைத்து, திரையை இழுத்துவிட்டார்.

அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். என் அறையில் பத்து நாளாக ஓடிக்கொண்டிருந்த சர்வரின் விசிறிச் சத்தம் இறங்கி, நின்றது.

எழுந்து மேடைக்குப் பின்னால் குனிந்து பார்த்தேன். ஹப்பில் ஒரு விளக்கும் இல்லை.

"ஏன்க்கா அணைச்சீங்க?"

"செத்த வீட்டுல சாமி விளக்கு எரியலாமா தம்பி? உங்கம்மா, ரோட்டுல யாரு பொணம் போனாலும் மொத வேலையா இதை அணைச்சுட்டுத்தான் கதவைச் சாத்துவாங்க. சுடுகாட்டுப் பக்கம் திரும்பினதும் மஞ்சத்தண்ணி தெளிச்சிட்டு மறுபடி போடுவாங்க. ஒனக்குத் தெரியாதா?"

தெரியாது. பகலில் நான் வீட்டில் இருந்ததில்லை. இருந்த இந்தப் பத்து நாளும் ரோட்டில் யாரும் போகவில்லை.

காரியமெல்லாம் முடிந்து, நோட்டை எடுத்துக்கொண்டு வீரம்மா அக்கா வீட்டுக்குப் போனேன். தேதியும் நேரமும் படித்தேன். அவர் விரல் மடக்கி யோசித்து ஒவ்வொன்றுக்கும் ஆள் சொன்னார். டெய்லர் கன்னையா. மூன்றாம் லோரோங் சந்து நேசம்மா டீச்சர். மோட்டார் சைக்கிளில் போய் லோரியில் மாட்டிய பையன்; அம்மா சோற்று வேளையில் சொல்ல வந்தது அவனைத்தான். ஏழு வரிக்கும் ஏழு பேர். எட்டாவது வரியில் 10.52 என்று எழுதி, பக்கத்தில் அம்மாவின் பெயரை எழுதினேன். புஷ்பவல்லி.

அன்று சர்வர் நின்றபோது முப்பத்தொன்றாம் தேதிக்குப் பத்து நாள் மிச்சமிருந்தது. ஓட வேண்டியது பதினொன்று. ஹப்பின் பிளக்கை வேறு இடத்தில் மாட்ட எனக்கு ஒரு நிமிடம் ஆகாது. மாட்டவில்லை.

வாஷிங் மிஷின் பிளக் நான் பிடுங்கிப் போட்ட இடத்திலேயே தரையில் கிடக்கிறது. அம்மா அதை ஒரு தடவைகூடத் தொடவில்லை.