பெட்டிக்குப் போட்ட சாம்பிராணி

அன்று மூன்றாவது முறையாகக் கம்ப்யூட்டர் திரை கறுத்தபோது உமாமகேஸ்வரிக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, சந்தோஷம். யாராவது பார்த்துவிட்டார்களோ என்று திரும்பிப் பார்த்தாள். மாமியார் சொர்ணாம்பாள் கூடத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சட்டென்று முகத்தைக் கடுகடுப்பாக மாற்றிக்கொண்டு, "போச்சு அத்தை, மறுபடியும் நின்னுடுச்சு" என்றாள். சொர்ணாம்பாள் கீரையை அப்படியே போட்டுவிட்டு வந்து, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல அந்தக் கறுப்புப் பெட்டியின் தலைமேல் கையை வைத்தார். சூடாகத்தான் இருந்தது.

உமாவின் வேலை மெடிக்கல் கோடிங். எங்கேயோ அமெரிக்காவில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால், அவருடைய நோய் விவரத்தைப் படித்து அதற்குரிய எண்ணைப் போடவேண்டும். காரைக்காலுக்குப் பக்கத்தில் அவர்கள் ஊரான நெரவியில் பாதிப்பேர் அவளை நர்ஸ் என்றே நினைத்துக்கொண்டு கால்வலிக்கு மருந்து கேட்டார்கள். கல்யாணத்துக்கு முன்பு இதே வேலையைச் சென்னை அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்தவள்தான். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று ஏற்பாடானது. கணவன் தமிழ்ச்செல்வன் கம்ப்யூட்டர் வாங்கி, பிளக் பாயிண்ட் இருக்கிறது என்பதற்காக சாமி அலமாரிக்குப் பக்கத்தில் வைத்துக்கொடுத்தான். நான்கு வருடம் ஒழுங்காக ஓடிய பெட்டி, ஆடி மாதத்திலிருந்து பாதி வேலையில் பொட்டென்று அணைய ஆரம்பித்தது. டீம் லீடர் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் சொல்லிவிட்டார். இந்த மாதத்துக்குள் சிஸ்டம் சரியாகவில்லை என்றால் உமா சென்னைக்கு வந்து ஆபீசிலேயே உட்காரட்டும், ஆறு மாதம், ஹாஸ்டல் ஏற்பாடு உண்டு.

வீட்டில் இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. தமிழ்ச்செல்வன் கரண்டைச் சந்தேகப்பட்டு யு.பி.எஸ். வாங்கினான். பெட்டி யு.பி.எஸ்.ஸோடு சேர்ந்து அணையாமல் தான் மட்டும் தனியாக அணைந்தது. காரைக்காலில் ஒருவர் வைரஸ் என்று சொல்லி எல்லாவற்றையும் அழித்து விண்டோஸை மறுபடி ஏற்றிக்கொடுத்தார். இரண்டு நாள் ஓடியது. எதிர்வீட்டுக்காரர் கண்ணேறு என்றார். எலுமிச்சம்பழம் ஒன்று பெட்டிக்கு அடியில் காய்ந்து சுருங்கியது. ஒவ்வொரு வைத்தியம் நடக்கும்போதும் உமாவுக்குப் பயம்தான். தேறிவிடுமோ என்று.

அவளுக்கு அந்த வீட்டில் யார்மீதும் குறை இல்லை. அதுதான் கஷ்டம். குறை இருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போகலாம். சோறு மணக்க மணக்க வருகிறது, புருஷன் அதட்டிப் பேசியதில்லை, மாமியார் வேலை நேரத்தில் டிவி சத்தத்தைக்கூடக் குறைத்துவிடுவார். ஆனாலும் காலையில் எழுந்து படுக்கையறையிலிருந்து பத்தடி நடந்தால் ஆபீஸ் வந்துவிடுகிறது, அங்கிருந்து பத்தடி நடந்தால் அடுப்பு. வாசலில் பஸ் போகும் சத்தம் கேட்டால் கால் தானாக ஆடும். கூட வேலை பார்ப்பவளோடு டீ குடித்துக்கொண்டே மேனேஜரைத் திட்டி எவ்வளவு நாளாயிற்று. போகவேண்டும் போல இருக்கிறது என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். பெட்டி கெட்டுப்போனது என்பது நல்ல பதிலாக இருந்தது. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சொர்ணாம்பாள் விடுவதாக இல்லை. முன்பெல்லாம் செவ்வாய், வெள்ளியில் மட்டும் சாம்பிராணி போடுவார். பெட்டி படுத்ததிலிருந்து காலையும் மாலையும் போட்டார். தூபக்காலை எடுத்துக்கொண்டு சாமிக்கு ஒரு சுற்று, பெட்டிக்கு மூன்று சுற்று. முன்பக்கம் முழுக்க விபூதிப் பட்டை. மருமகளை ஊருக்கு அனுப்பாமல் இதைப் பிழைக்க வைத்துவிடு என்று முணுமுணுப்பது உமாவின் காதில் விழும். விழும்போதெல்லாம் திரையைப் பார்த்துக் குனிந்துகொள்வாள்.

அப்படி மூன்று முறை அணைந்த நாளுக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை காலை தமிழ்ச்செல்வன் வேலைக்குக் கிளம்பும்போது ஒரு போன் நம்பரைக் கொடுத்து, கட்டாயம் பேசு என்று சொல்லிவிட்டுப் போனான். காரைக்காலில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் நூர் அகமது. காலேஜ் அட்மிஷன் சமயம், கடையை விட்டு நகர முடியாது, போனிலேயே பார்த்துவிடலாம் என்றார் அவர். அணைந்த உடனே திரும்பப் போட்டால் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று கேட்டார். முன்னைவிடச் சீக்கிரமே அணைகிறது, கொஞ்ச நேரம் ஆறவிட்டால் கூடுதலாக ஓடுகிறது என்று சொல்லும்போதே, சூடுதான் காரணம் என்று உமாவுக்குப் புரிந்துவிட்டது. நாள்பூராவும் நோய்க்குறிகளையே படிக்கிற புத்தி சும்மா இருக்குமா. தெரியாத மாதிரி போனை வைத்துவிடலாமா என்றும் ஒரு நினைப்பு வந்தது. கை அதற்குள் ஸ்குரூடிரைவரைத் தேடிக்கொண்டிருந்தது.

பிளக்கைப் பிடுங்கி, பக்கத் தகட்டைக் கழற்றி, வீடியோ காலில் காட்டினாள். விசிறியின் அடியில் இருந்த அலுமினியத் தகடுகளின் இடைவெளியே தெரியவில்லை. கம்பளித் துணி மாதிரி சாம்பல்நிறத்தில் ஒரு படலம் அடைத்துக்கொண்டிருந்தது. விரலால் தொட்டால் பிசுபிசுத்தது. பெட்டிக்குள்ளிருந்து கோயில் வாசனை வந்தது.

"வீட்டுல சாம்பிராணி போடுவீங்களாக்கா?" என்று நூர் அகமது சிரித்தார். "எங்க உம்மாவும் வியாழக்கிழமை ஆனா போடுவாங்க. கடைப்பக்கம் மட்டும் விடமாட்டேன். புகையெல்லாம் ஃபேன் உள்ள இழுத்துக்கும். அடியில இருக்குற பிராசஸர் சூடு தாங்காம, தன்னைக் காப்பாத்திக்கத் தானே அணைஞ்சுக்குது. அதுமேல ஒரு தப்பும் இல்லக்கா."

விசிறி சுற்றாமல் ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, தமிழ்ச்செல்வனின் பழைய சவர பிரஷால் சுரண்டிச் சுரண்டி எடுத்தாள். முறத்தில் கொட்டினால் ஒரு கைப்பிடி வரும். இத்தனையும் தன்னை இங்கேயே வைத்துக்கொள்ளப் போட்டது என்று நினைத்தபோது அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. சொர்ணாம்பாள் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவர் வருவதற்குள் அதை ஒரு பேப்பரில் மடித்துக் குப்பையில் போட்டாள்.

பெட்டி ஓடியது. மதியம் ஓடியது, சாயங்காலமும் ஓடியது. விசிறிச் சத்தம்கூட இல்லை. தமிழ்ச்செல்வன் போனில், அப்பாடா, டீம் லீடரிடம் இப்போதே சொல்லிவிடு என்றான். அவள் மெயிலைத் திறந்து, சிஸ்டம் சரியாகிவிட்டது என்று ஒரு வரி அடித்தாள். அனுப்பாமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புகை விஷயத்தைச் சொல்லாமல் சும்மா இருந்தாலே போதும். சாம்பிராணி தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும், அடுத்த மாதம் பெட்டி மறுபடி படுத்துவிடும், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

விளக்கு வைத்தாயிற்று. சொர்ணாம்பாள் தூபக்காலோடு வந்தார். அன்றைக்கு முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. சாமிக்கு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பெட்டியின் பக்கம் திரும்பினார். புகை ஒரு நூலாக இழுபட்டுப் பெட்டியின் முன்பக்கக் கம்பி வலைக்குள் நுழைவதை உமா பார்த்தாள்.

"காட்டாதீங்க அத்தை" என்றாள். "இந்தப் புகைதான் உள்ள போய் அடைச்சிருக்கு. அதனாலதான் நின்னு நின்னு போச்சு."

சொர்ணாம்பாளின் கை அப்படியே நின்றது. "அப்ப நான்தான் கெடுத்தேனா?"

"வேணும்னேவா செஞ்சீங்க? இப்ப சுத்தம் பண்ணிட்டேன். இனிமே நல்லா ஓடும்."

"அப்ப நீ போவ வேணாம்ல?"

இனிப் பிடித்துக்கொள்ள உமாவுக்கு அந்தப் பதிலும் இல்லை. "போவ வேணாம்தான். ஆனா போவணும்னு இருக்கு அத்தை."

சொர்ணாம்பாள் ஏன் என்று கேட்கவில்லை. தூபக்காலில் கனல் மேல் ஒரு சாம்பிராணித் துண்டு உருகிக் குமிழி விட்டது. அதைப் பார்த்துக்கொண்டே, "அவன்கிட்ட சொல்லிட்டியா?" என்றார்.

"இல்ல. உங்ககிட்டதான் மொதல்ல."

புகை இன்னும் பெட்டியை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது. அதைக் கவனித்த சொர்ணாம்பாள், பதறிப்போய் முந்தானையை இழுத்துக் கம்பி வலையை அழுத்தி மூடினார். உள்ளே விசிறியின் சத்தம் ஏறியது.

"மூடாதீங்க அத்தை, அதுக்குக் காத்து வேணும்."

அவர் முந்தானையை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது. எடுத்த பிறகு சத்தம் மெல்ல இறங்கியது. தூபக்காலைக் கை மாற்றிக்கொண்டு வாசலுக்குப் போய், படியில் தெருவைப் பார்த்து நின்றார். காரைக்கால் பஸ் அந்தப் பக்கமாகப் போனது. அதன் காற்றில் புகை ஒருமுறை வீட்டுக்குள் திரும்பி, பிறகு தெருவோடு போனது.