போர்த் தண்ணீரில் சாகாத களை

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. அக்கா ஆர்டர் கொடுத்தது. "நான் சொன்னா சண்டை வருது. நீ கதையா எழுதிடு, அவர் படிச்சுத் தானா திருந்தட்டும்" என்றாள் போனில். அவர் என்றால் என் அத்தான். இலக்கியத்தின்மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்த வாசகி எனக்கு அவள் ஒருத்திதான்.

2

'பொன்னிறக் கதிரவன் களைகளின் மீது தன் இளங்கதிர்களை'

[வேண்டாம். அத்தான் இந்த இடத்திலேயே மூடி வைத்துவிடுவார்.]

விதைப்புக்கு முன் அத்தான் களைக்கொல்லி அடித்தார். களை வாடக்கூட இல்லை. கடைக்காரரைத் திட்டினார். கடையை மாற்றினார், மருந்தை மாற்றினார், ஸ்பிரேயரையே மாற்றினார். தண்ணீரை மட்டும் மாற்றவில்லை. மக்காச்சோள விதை மூட்டை கட்டிலுக்கடியில் கிடக்கிறது. இந்த வாரம் விதைக்காவிட்டால் இந்தப் போகம் போச்சு.

[கொஞ்சம் பாடம், பொறுத்துக்கொள்ளுங்கள். அவர் ஆழமாய் போர் போட்டு எடுக்கும் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். களைக்குப் போகவேண்டிய மருந்தை அது டேங்கிலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. அக்கா வீட்டில் சோப்பே நுரைக்காது.]

புதுக் கடைக்காரர் சொல்லிப் பார்த்தார். "முதல்ல இந்த உப்பைத் தண்ணியில கரைங்க, சுண்ணாம்பை அது பிடிச்சுக்கும். அப்புறமா மருந்தை ஊத்துங்க."

"என் தண்ணிக்கே வைத்தியமா?" என்று அத்தான் எழுந்து வந்துவிட்டார்.

3

இப்படி ஒரு பிடிவாதக்காரரை வாசகர் நம்புவாரா என்று எனக்கே சந்தேகம். அந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் இருக்கிறது. பக்கத்து வயல் என் தங்கை வீட்டுக்காரருடையது, அதாவது அத்தானின் சகலையுடையது. ஒருநாள் அத்தான் வீட்டு விருந்தில் அந்தப் போர்த் தண்ணீரை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "என்ன அண்ணே, சாக்பீஸைக் கரைச்சு வச்சிருக்கீங்களா?" என்று சிரித்தார். அன்றோடு பேச்சு நின்றது.

சகலை கூரை மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைத்து அதில்தான் மருந்து கலக்கிறார். அவர் வயலில் களை கருகிக் கிடக்கிறது.

"எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கக்கா" என்றாள் தங்கை அக்காவிடம். "ஆனா அத்தான் வந்து இவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணுமாம்."

4

முடிவு அ: இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். [பொய்.]

முடிவு ஆ: மழை கொட்டி அத்தானின் தொட்டி நிறைகிறது. [அவருக்குத் தொட்டியே கிடையாது.]

முடிவு இ: அத்தான் காலி கேனோடு வேலியோரம் நிற்கிறார். சகலை நிமிர்ந்து பார்க்கிறார். அத்தான் வாயைத் திறந்து

5

இதற்குமேல் என்னால் முடியாது, அத்தான். கண்ணாடியைத் தேடி எடுத்து இதுவரை படித்திருப்பீர்கள். என்னைத் திட்டுங்கள், பழகிவிட்டது. ஆனால் அன்று போனில் அக்கா அழுதாள். அதை முதலில் ஊற்றிவிட்டுத்தான் மற்றதையெல்லாம் ஊற்றியிருக்க வேண்டும். கலக்கும் வரிசை எனக்கும் தப்பிவிட்டது.

கேன் பின்கதவுக்கு வெளியே இருக்கிறது. அக்கா கழுவித்தான் வைத்திருக்கிறாள், தங்கை வீட்டுக்காரருக்குத் தெரியாமல் கொடுத்த ஒரு செம்பு மழைத் தண்ணீரில்.