நெருப்பில்லாமல் அடித்த அலாரம்

அவர் கட்டடங்களுக்குத் தீ அலாரம் பொருத்துகிறவர். அலாரம் அடித்தால், நெருப்பு எங்கே என்று பார்க்காமல் அதன் வாயை அடைக்கக் கூடாது என்பது அவர் தொழிலின் முதல் பாடம். அதனால்தான், மகளின் குடல் நோய்க்குக் கொடுத்த மாத்திரை எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் என்று தெரிந்ததும் பதறிப்போனார். வயிற்றுவலி அடங்கி அவள் நன்றாகச் சாப்பிடத் தொடங்கியிருந்த சமயம் அது.

"இனி எதுக்கும்மா இந்த விஷம்? விட்டுடு," என்றார். அவளும் விட்டுவிட்டாள்.

நோய் திரும்பி முற்றி, இப்போது ஆஸ்பத்திரியில் டாக்டர் அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "உடம்பைக் காக்கிற செல்கள், குடல்ல சும்மா குடியிருக்கிற கிருமிகளைப் பார்த்தே மிரண்டு ஓயாம சண்டை போடுது. அடி விழறது குடலுக்கு. நெருப்பே இல்லாம அலாரம் அடிச்சு, தண்ணி கொட்டி வீட்டை ஊறவெச்ச மாதிரி. அந்தத் தண்ணிக் குழாயை அடைச்சு வெச்சிருந்தது மாத்திரைதான். இப்ப பெருங்குடல் நைஞ்சுபோச்சு. எடுத்துத்தான் ஆகணும்."

கட்டிலருகே வந்து உட்கார்ந்தவரின் விரலை மகள் பிடித்துக்கொண்டாள். "நானேதான் நிறுத்தினேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன்ப்பா. நீங்க உளறிடாதீங்க. திட்டு வாங்கி எனக்குப் பழக்கம், நீங்க தாங்க மாட்டீங்க."

சொல்லி முடிப்பதற்குள் அம்மா உள்ளே வந்தாள். "ஒரு மாத்திரையை ஒழுங்கா முழுங்கத் துப்பில்ல உனக்கு. உன்னால அப்பா எப்படி உருகிப் போயிட்டார் பாரு!"

அவர் வாய் திறக்கப் போனார். விரலில் மகளின் பிடி இறுகியது. தலை குனிந்துகொண்டார்.