நாக்குக் கட்டிய மணி

காலை ஆறே முக்கால், கிண்ணத்தில் வெந்நீர் ஆறிக்கொண்டிருக்கிறது, இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும், சவரம் முடிந்ததும் சொல்லிவிட வேண்டும், இல்லை, அதற்கு முன்பே... கையில் பிளேடை வைத்துக்கொண்டா, துள்ளிவிட்டால், அந்த மணிச் சத்தத்துக்குத் துள்ளாமல் இருப்பாரா அந்த மனுஷன். அவள் பிரஷ்ஷை நனைத்து சோப்பில் சுழற்றினாள். ஜன்னலோரம் நாற்காலியில் அப்பா, கழுத்தில் துண்டு, முகத்தை வெளிச்சத்துக்கு ஏந்திக்கொண்டு, எல்லாம் மறந்த பிறகும் முகம் சவரத்தை மறக்கவில்லை, நுரை பட்டதும் கன்னத்தை நாக்கால் உள்ளிருந்து தள்ளிக் கொடுக்கிறது. அவளுடைய வீட்டு உடுப்பின் வலது பையில் மணி இருந்தது. உள்ளங்கைக்குள் அடங்குகிற பித்தளை மணி, நாக்கில் துணி சுற்றிக் கட்டியது. குனிந்தால் தொடையில் இடிக்கும், சத்தம் மட்டும் வராது. அது அவளிடம் இருப்பது அப்பாவுக்குத் தெரியாது. உயிர்ப்பு ஞாயிறு முடிந்து மூன்றாவது வாரம், கோயிலில் எல்லாரும் அல்லேலூயா பாடிக்கொண்டிருக்கிறார்கள், இந்த வீட்டில் இன்னும் பெரிய வெள்ளி.

“தண்ணி சூடா இருக்கா சிஸ்டர்?” என்றார் அப்பா. இல்லைங்க, என்றாள். போன வருஷம் அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அவள் சிஸ்டர்தான். கீழ்வீட்டு அக்கா ஒன்பது மணிக்கு வந்து பார்த்துக்கொள்கிறாளே, அவளும் சிஸ்டர். பாத்திரம் விழுந்து சத்தம் கேட்டால் “பார்த்து சிஸ்டர், கை பத்திரம்” என்பார். நீங்க, வாங்க, போங்க, உட்காருங்க, பெற்ற மகளுக்கு இத்தனை மரியாதை. முதலில் சிரிப்பு வந்தது, ஒரு தடவை “நான் உங்க பொண்ணுப்பா” என்றாள், அவர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “என் பொண்ணு உங்களைவிட ரொம்பச் சின்னவ” என்றார், பணிவாக, மனசு நோகாதபடிக்கு. அதன் பிறகு அவள் திருத்தவில்லை. மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள், ஐம்பதைத் தொடப்போகிறவள், அவர் சொன்னதிலும் தப்பு இல்லை.

கிருதா ஓரம் பிளேடை வைத்தாள். நரைமுடி சுரசுரவென்று வந்தது. அந்தக் காலத்தில் அப்பாவுக்கு எலெக்ட்ரீஷியன் வேலை, பெரிய வியாழன் பூசைக்கு அவர் வரும்போதே சட்டையில் ஒயர் வாசனை இருக்கும். அன்றைக்குக் கோயில் மணி வாயை மூடிக்கொள்ளும், இனி உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின பாஸ்கா இரவில் ‘உன்னதங்களிலே’ பாட்டைப் பாடும்போதுதான் திறக்கும். வீட்டுக்கு வந்ததும் அப்பா திருஇருதயப் படத்துக்குக் கீழே இருக்கிற இந்த மணியை எடுப்பார், தினமும் மாலை செபத்துக்கு அம்மா அடிக்கிற மணி, அதன் நாக்கில் துணியைச் சுற்றி ஒயரைக் கட்டுவது மாதிரி ஒரு முடிச்சுப் போடுவார், “இதுக்கும் நோன்பு” என்பார், பிறகு எல்லாரையும் சமையலறைக்குள் அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு ஒளித்து வைப்பார். உயிர்ப்பு ஞாயிறு காலையில் அவளும் அண்ணனும் தேட வேண்டும். கிடைத்து, முடிச்சை அவிழ்த்து, அடித்த பிறகுதான் வீட்டுக்குப் பாஸ்கா. அதுவரை காபியில் சர்க்கரை கிடையாது, தவக்காலம் முழுக்க அப்பா விட்டுவிடுவது அதைத்தான், சர்க்கரைப் பைத்தியம், மூன்று கரண்டி போட்டுக் குடிக்கிற ஆள். “ஊருக்கெல்லாம் வெளிச்சம் போட்டுக் குடுத்துட்டு, வீட்டுல ஒளிச்சு வச்சு விளையாடுறதைப் பாரு” என்பாள் அம்மா, “எங்கேன்னு சொல்லித் தொலைங்க, காபி ஆறுது.” சொல்லமாட்டார். மீட்டர் பெட்டிக்குள், மின்விசிறியின் கிண்ணத்துக்குள், மழைக்கோட்டின் கையில்... ஒளித்த இடத்துக்குக் கிட்டே போனால் ‘சூடு’ என்று குறிப்புச் சொல்ல வேண்டும், சொல்லாமல் வேறு எங்கோ பார்ப்பார். கண்டுபிடிப்பதைவிடத் தேடுவதைத்தான் அவர் ரசித்தார், இப்போது யோசித்தால் தெரிகிறது, ஆறட்டும் என்று காபியை விட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, தன் இரண்டு பிள்ளைகளும் வீட்டைத் தலைகீழாகப் புரட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அலமாரிக்கு அடியில் தலையை நுழைத்துப் பின்பக்கம் மட்டும் வெளியே தெரியக் கிடப்பாள் அவள். அப்படி வந்த பெயர்தான் எலிக்குட்டி.

கொஞ்சம் தலையைச் சாய்ங்க, என்று தாடையைப் பிடித்துத் திருப்பினாள், திரும்பினார். அண்ணன் உயரம், அண்ணனுக்குக் கை எட்டும், ஒவ்வொரு வருஷமும் அவன்தான் கண்டுபிடிப்பான், அடித்துக்கொண்டே வீடு பூராவும் ஓடுவான், ஒரு வருஷம் அவள் பொறுக்க முடியாமல் பாஸ்கா உடுப்போடு தரையில் உருண்டு அழுதாள். அடுத்த வருஷம், அப்போது அவளுக்கு ஆறு வயது, அண்ணன் மேலே எல்லாம் தேடிக்கொண்டிருக்கிறான், கோயிலுக்குப் போக ஷூவுக்குள் காலை விட்டாள், கட்டைவிரலில் குளிர்ச்சியாக ஏதோ இடித்தது. அப்பாவைப் பார்த்தாள். அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவள் அடித்த அடி, பக்கத்து வீட்டுக்காரர் வந்து தீ பிடிச்சிருச்சா என்று கேட்டுவிட்டுப் போனார். அம்மா சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினாள். அண்ணன் மட்டும், “ஷூவுல வைக்கிறதெல்லாம் ஒரு இடமா, அழுகுணி ஆட்டம்” என்று அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்தான்.

இந்த வருஷம் வைப்பார் என்று அவள் நினைக்கவில்லை. அம்மா போன பிறகும் விடாமல் செய்தவர்தான், ஆனால் ஆஸ்பத்திரிக்குப் பிறகு... வியாழன் மாலை கோயிலிலிருந்து திரும்பி, குளித்துவிட்டு வந்து பார்த்தால் படத்துக்குக் கீழே மணி இல்லை. எங்கேப்பா என்றால் கூரையைப் பார்த்தார். வெள்ளியும் சனியும் கடை லீவு, வெளியே போக வேலை இல்லை, இரவுப் பூசைக்கு அவரைத் தனியாக விட்டுவிட்டுப் போக முடியாது என்று, கீழ்வீட்டு அக்காவை எட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டு ஞாயிறு காலைப் பூசைக்குக் கிளம்பினாள், ஷூவுக்குள் காலை விட்டாள். கட்டைவிரலில் குளிர்ச்சி. குனிய முடியாத மனுஷன், நாற்காலியிலிருந்து எழ இரண்டு கை வேண்டும், எப்படி வாசல் வரைக்கும் போனார், எப்படிக் குனிந்தார். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாளா சிரித்தாளா, ஞாபகம் இல்லை. முடிச்சை அவிழ்க்கக் கை போனது, அடித்துக்கொண்டே உள்ளே ஓட வேண்டும் என்று எழுந்தாள், அப்போதுதான் அறைக்குள்ளிருந்து அந்தக் குரல், “ஏய் எலிக்குட்டி, கிடைச்சுதா?”

ஏய். நீ என்று அழைக்கிற குரல், ஒரு வருஷமாகக் கேட்காத குரல். கதவு வழியாக அவளையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார், வாயின் இடது ஓரம் மட்டும் மேலே போகிற அந்தச் சிரிப்பு. “இன்னும் இல்லப்பா” என்றாள். எப்படி வந்தது அந்தப் பொய், பாஸ்கா காலையில், பூசைக்குக் கிளம்புகிற நேரத்தில். தேடு, தேடு, என்றார். தேடு என்றாரே, தேடுங்க என்று சொல்லவில்லையே. மறுநாள் சவரம் முடிந்து முகம் பார்க்கும் கண்ணாடியை அவர் முன்னால் பிடித்தாள், அதில் அவர் முகத்துக்குப் பின்னால் இவள் முகம், பார்த்தார், சிரித்தார், “எலிக்குட்டி, கிடைச்சுதா?” அதற்கு மறுநாளும். ஒரு நாளில் அந்த ஒரு தடவைதான், கண்ணாடியை இறக்கினால் மறுபடி சிஸ்டர்.

மோவாய்க்குக் கீழே தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டாள், இங்கேதான் வெட்டும், மெதுவாக... யாருக்கு என்ன நஷ்டம் என்று முதல் வாரம் நினைத்தாள். நஷ்டம் அவருக்கு. காபி டம்ளரில் சர்க்கரை போட்டால் முதல் மிடறிலேயே கண்டுபிடித்துத் தள்ளிவிடுகிறார், “இன்னும் மணி அடிக்கல சிஸ்டர்.” செபமாலையை எடுத்தால் துக்க தேவ இரகசியங்கள்தான், முள்முடி, சிலுவை, நாளுக்கு நாள் அதே. உயிர்த்ததைச் சொல்கிற மகிமை தேவ இரகசியங்களைச் சொல்லலாமே என்றாள், அவசரப்படக் கூடாது என்றார். வெள்ளிக்கிழமை நற்கருணை கொண்டுவந்த ஃபாதர் “பாஸ்கா வாழ்த்துகள் ஐயா” என்றார், அப்பா அவரைப் பரிதாபமாகப் பார்த்தார், சின்ன வயசுச் சாமியார், காலண்டரைச் சரியாகப் பார்க்கவில்லை போல என்கிற மாதிரி. அவள் அப்போதே சொல்லியிருக்கலாம், படியிறங்கும்போது, ஃபாதர், ஒரு நிமிஷம், என்று. என்னவென்று பாவசங்கீர்த்தனம் செய்வது, அப்பாவின் பாஸ்காவை என் பையில் வைத்திருக்கிறேன் என்றா, ஃபாதர் என்ன பரிகாரம் சொல்லுவார், மணியை அடி என்பார், வேறென்ன. அண்ணன் தொலைபேசியில், “இதுக்குப் போய் மண்டையை உடைச்சுக்கறியே, கடையில ஒரு புது மணி வாங்கி அடிச்சு விடு, அவருக்கு என்ன தெரியப்போகுது” என்றான். தெரியும். அந்த மணியின் சத்தம் அவருக்குத் தெரியும். கோயிலில் அல்லேலூயா வரும்போது அவள் உதட்டை மட்டும் அசைக்கிறாள். பாஸ்கா வாரத்தில் ஒரு நாள் வாசகத்தில், ஆண்டவரின் உடலைத் தேடி வந்த பெண் கல்லறைத் தோட்டத்தில் அழுதுகொண்டு நிற்கிறாள், முன்னால் உயிரோடு நிற்கிற ஆண்டவரையே தோட்டக்காரர் என்று நினைக்கிறாள், அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும்தான் தெரிகிறது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும். ஆனால் அந்தப் பெண் அங்கேயே நின்றுவிடவில்லையே, ஓடினாளே, மற்றவர்களிடம் சொல்வதற்கு ஓடினாளே... அது வரைக்கும் யோசிக்காமல் அன்றைக்கு எழுந்து வந்துவிட்டாள்.

மேலுதடு மட்டும் பாக்கி. பிளேடைத் தண்ணீரில் உதறினாள். அவர் அந்த இடைவெளியில் வாயைத் திறந்தார், “சிஸ்டர், உங்ககிட்ட ஒரு விஷயம்... யார்கிட்டயும் சொல்லமாட்டீங்களே?” சொல்லமாட்டேங்க, என்றாள். அவர் கதவுப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “என் பொண்ணு ஒரு சாமானைத் தேடிக்கிட்டிருக்கா. பாவம், இன்னும் கிடைக்கல. அண்ணன்காரன் கேலி பண்ணிக் கொல்லுவான். நீங்க போகும்போது, வாசல்பக்கம் பாரும்மான்னு சும்மா ஒரு வார்த்தை போட்டுட்டுப் போங்க. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க.” பிளேடு அவள் கையில் நின்றது. “அவ ஷூவுலதான் வச்சிருக்கேன்” என்றார், “இதுக்கு மேல சுலபமான இடம் எனக்குத் தெரியல சிஸ்டர்.”

அப்படியானால் மறக்கவில்லை. வைத்த இடம் மறந்து போய்த்தான் தினமும் கேட்கிறார் என்று, அவள் அவருக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டு, இத்தனை நாளும்... அவர்தான் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஆறு வயசுப் பிள்ளை ஷூவுக்குள் காலை விடட்டும் என்று கசப்புக் காபியைக் குடித்துக்கொண்டு, சிலுவையை விட்டு நகராமல். தினமும் அந்த ஷூவைப் போட்டுக்கொண்டுதானே அவர் முன்னால் நடந்து கடைக்குப் போனாள், டக் டக் என்று, போயிட்டு வரேங்க என்று. அந்தச் சத்தம் அவருக்கு யாருடைய சத்தம், சிஸ்டருடையதா. மேலுதட்டை முடித்தாள், வெட்டவில்லை, எப்படியோ. ஈரத் துண்டால் நுரையைத் துடைத்தாள், காதுமடலில் ஒட்டியிருந்ததையும். அல்லது அவருக்கும் அந்தக் கேள்வி தேவைப்பட்டதா, கேட்கும் வரைக்கும்தான் அவருக்கும் ஒரு எலிக்குட்டி, கிடைத்துவிட்டால் அவருக்கும் யார் இருக்கிறார்கள்... இல்லை, இதுவும் சாக்கு, அடிக்காமல் இருப்பதற்கு இன்னொரு சாக்கு. வேறு யாருக்கு வேண்டுமானாலும் விட்டுக்கொடுப்பாள், நோன்பிருப்பாள், முழங்காலில் நிற்பாள், சந்தோஷப்படு என்று சொன்னால் மட்டும் ஏன் இத்தனை தயக்கம்.

மணியை வெளியே எடுத்தாள். மூக்குக் கண்ணாடியின் கடுகளவு திருகைத் திருகிப் பழகிய விரல்கள், இருந்தும் ஒயர்க்காரரின் முடிச்சு லேசில் விடவில்லை, பல்லால் இழுத்தாள், விட்டது. துணியை உருவினாள். நாக்கு அசையாதபடி சுண்டுவிரலை உள்ளே கொடுத்துப் பிடித்துக்கொண்டாள். பித்தளை சூடாக இருந்தது, இத்தனை நாள் அவள் உடம்போடு இருந்த சூடு. அடித்தால் சர்க்கரை போட்ட காபி, மகிமை தேவ இரகசியங்கள், படத்துக்குக் கீழே மணி. அடித்தால் நாளைக் காலையில் கண்ணாடியில் யார் தெரிவார். இடது கையால் கண்ணாடியை எடுத்து அவர் முன்னால் பிடித்தாள். அப்பா தன் முகத்தைப் பார்த்தார், தாடையைத் தடவிப் பார்த்தார், பிறகு பார்வை மெல்ல நகர்ந்து அவருக்குப் பின்னால் இருந்த முகத்துக்கு வந்தது, நின்றது, வாயின் இடது ஓரம் மேலே போகத் தொடங்கியது. அவள் சுண்டுவிரலை வெளியே எடுத்தாள்.

“ஏய் எலிக்குட்டி,” என்றார் அப்பா, “கிடைச்சுதா?”